கல்லு மாதிரி ஒரு மூஞ்சி

சனிக்கிழமை போக்கர் சீட்டாட்டத்துக்கு வந்த நண்பர்கள் மூவரும் பிஸ்கட் பாக்கெட்டோடு வாசலிலேயே கேட்டார்கள்: "செல்லம் எங்கே?"

"மக ஊசி போடக் கூட்டிட்டுப் போயிருக்கா," என்றார் பல் டாக்டர். தன் நாய்மேல் இவர்களுக்குத்தான் எவ்வளவு பாசம் என்று உருகிப்போனார்.

வழக்கமாக முதலில் தோற்று எழுபவர் அவர்தான். அன்றோ, அவருக்கு நல்ல சீட்டு வந்தபோதெல்லாம் மூவரும் துணிந்து பந்தயம் கட்டி மாட்டிக்கொண்டார்கள். அந்த வாரக் கோப்பை அவருக்கே.

எல்லோரும் போனதும் மனைவியிடம் அலட்டிக்கொண்டார். "பல்லு புடுங்கறப்ப பேஷண்ட் அலறினாலே அசையாத மூஞ்சி இது. இதைப் பாத்து என் கையில என்ன சீட்டுன்னு எவனால கண்டுபிடிக்க முடியும்?"

"மூஞ்சி கல்லுதாங்க, யாரு இல்லன்னா? ஆனா நல்ல சீட்டு வந்தா மேசைக்கு அடியில கையை விட்டு நாயைத் தடவிக் குடுப்பீங்க. அது வாலால தரையைத் தட்டும். அந்தச் சத்தம் சமையலறை வரைக்கும் கேக்கும். உடனே மூணு பேரும் சீட்டைக் கவுத்துட்டு ஒதுங்கிடுவாங்க."

டாக்டரின் செல்போன் அடித்தது. மூவரில் ஒரு நண்பர்தான்.

"டாக்டர், ஊசி போட்டாச்சா? அடுத்த வாரம் செல்லம் வந்துடும்ல?"