மாடியறை மீட்டிங்

பசுபதிக்கு வேலை போய் ஒரு மாதமாகியும் மனைவி நாகமணியிடம் சொல்ல நா எழவில்லை. தினமும் ஃபிரிஸ்கோ நகரத்து வீட்டின் மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மீட்டிங்கில் இருப்பதுபோல் லேப்டாப்பிடம் தனியாகப் பேசுவான்.

வியாழன் மதியம் பிரின்ட் எடுக்க அந்த லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்த நாகமணி, ரவுட்டரை இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாள்.

"திங்கட்கிழமை ரவுட்டரை அப்கிரேட் பண்ணதுலேர்ந்து இந்த லேப்டாப் ஒருதடவைகூட நெட்டுல சேரலைன்னு காட்டுதே. அப்போ தினமும் யார்கூடங்க மீட்டிங்?"

அவள் பின்னாலேயே இறங்கி வந்திருந்த அவன் கூனிக் குறுகிப்போனான். "வேலை போயிடுச்சு, நாகு. நானேதான் பேசிட்டிருந்தேன்," என்றான் தரையைப் பார்த்து.

"அப்போ பதில் சொன்னது யாரு? கிச்சன் வரைக்கும் கேட்டுதே, ஒரு பொம்பளைக் குரல்."

அவன் நிமிர்ந்தான். லேப்டாப் அவள் முன்னால் மேஜைமேல் மூடிக் கிடந்தது. மேலே, ஆளில்லாத மாடியறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கனிவாகக் கேட்டது: "பசுபதி, அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"