மூன்றாவது போர்டு

பிலோமினாவுக்குப் பேச்சு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. நரம்பு நோய் கைகளையும் முடக்கியபின் வலது ஆள்காட்டி விரல் மட்டும் அசைந்தது. அந்த ஒற்றை விரலால் அவள் லேப்டாப்பில் தட்ட, அது வாய்விட்டுப் படிக்கும். கணவர் லூர்துராஜுக்கு அவள் பேச்சு அப்படித்தான் கிடைத்துக்கொண்டிருந்தது.

எட்டு மாதத்தில் இரண்டு முறை மதர்போர்டு போனது. வாரண்டி இருந்ததால் கம்பெனி மாற்றிக்கொடுத்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் இருபது நாள் ஆனது. மூன்றாம் முறை போனபோது அவர் சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தார்.

“இது சரியாகுற வரைக்கும் வேற மெஷினாச்சும் குடுங்கம்மா. என் வீட்டுக்காரி அதுலதான் பேசுறா.”

“புரியுது சார். பார்ட்ஸ் வரணும். அர்ஜென்ட்னு எழுதியிருக்கேன்.”

முப்பத்திரண்டாம் நாள் ஒருவன் வந்து போர்டை மாட்டினான். திரை ஒளிர்ந்தது.

“ஏதாச்சும் அடிச்சுப் பாருங்கம்மா.”

பிலோமினா முயன்றாள். அந்த விரலும் எழும்பவில்லை.

அவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். லூர்துராஜ் கட்டிலருகே உட்கார்ந்து, மத்தியானமானால் அவள் வழக்கமாகக் கேட்பதைத் தானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

“சாப்பிட்டீங்களா?” என்றது லேப்டாப்.

“இன்னும் இல்ல” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்த்து.