இறந்தோர் பட்டியல், நாலாம் பக்கம்

"அம்மா, நீங்க செத்து மூணு வருஷமாச்சு. அடுத்த ஆள் வாங்க!"

டாக்டர் பரேதெஸ் தலை நிமிராமல் சொன்னார். அவர் வைத்தியம் படித்தவரல்ல. இந்த ஊரில் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்தவனெல்லாம் டாக்டர். அவர் மூன்று வைத்திருந்தார்.

நெரெய்தா நகரவில்லை. "அப்படியா டாக்டர்? எதுல போனேன்? யாரும் என்கிட்ட சொல்லவே இல்லையே!"

வரிசை சிரித்தது. "ஆன்மா சாந்தியடையட்டும், பக்கத்து வீட்டம்மா!" என்றது ஒரு குரல். "யார்கிட்டயாவது மெழுகுவத்தி இருக்கா?" என்றது இன்னொன்று.

பதவிக்காலம் முடியும் முன்பே ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பலாமா என்று நாட்டைக் கேட்க ஒரு வாக்கெடுப்பு வேண்டும். அதற்கு மக்களின் கையெழுத்து வேண்டும். மக்கள் மழையில் நனைந்துகொண்டு போட்டார்கள். அதில் பாதியைச் சந்தேகம் என்று தள்ளிவைத்தது அரசாங்கம். போட்டவரே நேரில் வந்து, "என்னுதுதான்" என்று பெருவிரல் வைக்க மூன்று நாள் அவகாசம். இன்று கடைசி நாள். மணி மூன்றே கால். நான்கு மணிக்குப் பள்ளிக்கூடக் கதவை ராணுவம் சாத்திவிடும்.

மனுக்காரர்கள் தரப்பில் மேசையருகே உட்கார்ந்திருந்தவள், சலூன் நடத்தும் யஹாய்ரா. கைபேசியை மடக்கிவிட்டு நெரெய்தாவின் காதைக் கடித்தாள்.

"மாநிலக் கணக்குல இன்னும் இருபத்தெட்டு கையெழுத்து குறையுதாம்டி. இந்த ஆளு காலையிலேருந்து முப்பத்தொரு பேரைச் சாகடிச்சிருக்கான்!"

அந்த முப்பத்தொரு பேரும், இறந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், முற்றத்து மாமரத்தடியில் சோளமாவில் பொரித்த எம்பனாடா தின்றுகொண்டிருந்தார்கள்.

"பதிவேடு பொய் சொல்லாது" என்றார் டாக்டர், மேடையில் ஏறியவர் போல. "இந்த ஊர்ப் பதிவகத்துக்கே தலைவன் நான். இது நான் தயாரிச்ச இறந்தோர் பட்டியல். ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து. இதுல பேர் இருந்தா, அந்த ஆள் இல்லை. அவ்வளவுதான்."

"செத்தவங்க கையெழுத்து செல்லவே செல்லாதா?"

"செல்லாது. எந்தக் காகிதத்திலும், எந்தக் காலத்திலும்!"

"அதை எழுத்துல குடுத்துட்டீங்கன்னா, நான் பேசாம கல்லறைக்குப் போயிடறேன்."

யஹாய்ரா எழுதி நீட்டினாள். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க டாக்டர்" என்றாள் நெரெய்தா.

"படிக்க வேண்டியதையெல்லாம் பல்கலைக்கழகத்திலேயே படிச்சு முடிச்சாச்சு." வால் நீண்ட கையெழுத்தொன்றைப் போட்டு, அதன்மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

நெரெய்தா அதை வாசலில் நின்ற சார்ஜென்ட்டிடம் கொடுத்தாள். "தம்பி, இதைப் பத்திரமா வச்சுக்கோ. டாக்டர், இப்ப உங்க பட்டியல்ல நாலாம் பக்கம், கடைசி வரி. கொஞ்சம் சத்தமா."

சத்தமாகப் பேசுவதில் டாக்டருக்கு எப்போதுமே தயக்கம் கிடையாது. "பரேதெஸ் மொந்தில்லா, எவு..."

அத்தோடு குரல் நின்றுவிட்டது. சார்ஜென்ட் எட்டிப் பார்த்து முடித்துவைத்தான். "எவுதோரோ. இறந்தது போன வருஷம் பிப்ரவரி பதினாலு. டாக்டர், இது உங்க அடையாள எண்தானே?"

வரிசையிலிருந்து ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "மெழுகுவத்தி சும்மா போகலப்பா!"

"இது... இது அபத்தம்! நான் உயிரோட இருக்கேன்!"

"அப்ப பட்டியல் பொய்" என்றாள் நெரெய்தா. "முப்பத்தொரு பேரும் உயிரோட இருக்காங்க. இல்ல, பட்டியல்தான் நிஜம்னா, நீங்க செத்துட்டீங்க. செத்தவர் கையெழுத்து எந்தக் காகிதத்திலும் செல்லாது. அப்பவும் பட்டியல் செல்லாது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. இறந்தவங்களை அவசரப்படுத்தக் கூடாதுதான். ஆனா மணி மூணரை ஆகுது."

சார்ஜென்ட் டாக்டரைப் பார்த்தான். கையிலிருந்த முத்திரைக் காகிதத்தைப் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து டாக்டரின் விரலிடுக்கில் மரியாதையாகச் செருகினான்.

'பட்டியல் பிழையானது' என்று டாக்டர் எழுதினார். இந்த முறை கையெழுத்துக்கு வால் இல்லை.

மாமரத்தடியில் முப்பத்தொரு பேர் உயிர்த்தெழுந்து, மிச்ச எம்பனாடாவை வாயில் திணித்தபடி ஓடிவந்தார்கள். மூன்று ஐம்பத்தெட்டுக்கு முப்பத்திரண்டாவதாகத் தன் பெருவிரலை அழுத்தினாள் நெரெய்தா. யஹாய்ரா கைபேசியில் கத்தியது தெருவுக்கே கேட்டது. ஜன்னல்தோறும் பெண்கள் சட்டிகளைக் கரண்டியால் தட்டத் தொடங்கினார்கள். வாக்கெடுப்பு நிச்சயம் என்பதை அந்த ஊர் அப்படித்தான் அறிவித்தது.

அந்த இரைச்சலுக்குள் டாக்டர் தன் மரணத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். "எந்தக் கழுதை இதை டைப் அடிச்சது?"

நெரெய்தா விரல் மையைத் துடைத்தாள்.

"அந்தக் கழுதை நான்தான் டாக்டர். ஏழு மாசம் உங்க ரூம் தடுப்புக்கு அந்தப் பக்கம் உக்காந்து, நீங்க சொல்லச் சொல்ல அடிச்சேன். என் பேரைச் சொன்னீங்க, அதையும் அடிச்சேன். கடைசிப் பேரை மட்டும்தான் நீங்க சொல்லல. 'ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க'ன்னு அன்னிக்கும்தான் கெஞ்சினேன்!"