குதிரைக்குப் போன உயிர்

"என் வீரன் எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்ல இவர் யாரு?"

எழுத்தாளர் மேஜையில் ஓங்கித் தட்டினார். ஆசிரியரின் டீ கொஞ்சம் சிந்தியது.

எங்கள் வார இதழில் நாற்பது வாரமாக ஓடுகிற மாயாஜாலத் தொடர் அவருடையது. போன வாரம் கதாநாயகன் நெஞ்சில் ஈட்டி வாங்கிச் செத்தான். இந்த வாரம் மந்திரவாதி கோலைத் தூக்குகிறார், வீரன் எழுந்து உட்காருகிறான். அந்தப் பக்கத்தை அச்சுக்கு விடாமல் பிடித்து வைத்திருந்தார் எங்கள் பிழைதிருத்துபவர்.

ஆபீசில் அவருக்குப் பேர் பூதக்கண்ணாடி. எழுத்துப் பிழையோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லையே! கதையில் வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் நோட்டில் ஒரு பக்கம். பேர், சக்தி, எத்தனை தடவை, கடைசியில் 'நம்பலாமா?' என்று ஒரு கட்டம். வீரன் ஒரே மூச்சில் நாற்பது பேரை வெட்டினால், அதைப் பன்னிரண்டாக்கிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். எழுத்தாளருக்குத் தெரியாது. அச்சில் வந்ததைப் படிக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

"என்னங்க பிரச்சினை?" என்றார் ஆசிரியர்.

பூதக்கண்ணாடி நோட்டைத் திறந்தார்.

"மூணாம் வாரம். மந்திரக்கோல் செத்தவங்களை ஒரே ஒரு தடவைதான் எழுப்பும். சாரே எழுதினது."

"சரி, அதான் இப்போ எழுப்பறேனே!"

"பதினோராம் வாரமே தீர்ந்துபோச்சு சார். குதிரைக்குப் போட்டாச்சு."

"குதிரைக்கா?" எழுத்தாளர் தலையைச் சொறிந்தார். "அவசரத்துல எழுதியிருப்பேன். மயங்கிக் கிடந்துதுன்னு வெச்சுக்கலாமே?"

"தலை தனியாக் கிடந்துது சார்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"அப்போ கோலுக்கு ரெண்டு தடவைன்னு மாத்திக்கலாம்!"

"இருபதாம் வாரம் மகாராணி செத்தப்போ மந்திரவாதி ரெண்டு பக்கத்துக்கு அழுதாரு. கையில இன்னொரு தடவை இருந்திருந்தா எதுக்கு அழணும்?"

எழுத்தாளர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஏங்க, கதைதானே?"

"கதைதான் சார். நினைச்சப்பல்லாம் எழுப்பலாம்னா, எவன் ஈட்டிக்குப் பயப்படுவான்?"

ஆசிரியருக்குப் பொறுமை போய்விட்டது.

"இதோ பாருங்க. வீரன் போனா இதழும் அவன் கூடவே போயிடும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு அவன் எழுந்திருக்கணும். இல்லேன்னா நீங்க எழுந்து வீட்டுக்குப் போகணும்."

இருபத்தாறு வருஷ வேலை. பூதக்கண்ணாடி முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் நோட்டை மூடவில்லை.

"அந்தப் பதினோராம் வாரத்தை எடுங்க. ஏதாவது சந்து கிடைக்கும்" என்று ஆசிரியர் என்னைப் பார்த்தார்.

பழைய திருத்தப் பிரதிகள் இருக்கிற அலமாரியைக் குடைந்து எடுத்து வந்து விரித்தேன்.

'தலை வெட்டுண்டு குதிரை மண்ணில் சரிந்தது. வீரன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.' அத்தோடு அத்தியாயம் முடிந்திருந்தது.

அதற்குக் கீழே, ஓரத்தில், சிவப்பு மையில் நாலு வரி. மந்திரவாதி கோலைத் தூக்குகிறார். குதிரை எழுந்து நிற்கிறது.

அந்தக் குண்டு குண்டான கையெழுத்தை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அடப்பாவி!" என்றார் எழுத்தாளர். "நான் குதிரையை எழுப்பவே இல்ல!"

ஆசிரியர் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு! 'பதினோராம் வாரம் குதிரை எழுந்து நின்றது என்பது பிழை, வருந்துகிறோம்'னு இந்த இதழ்ல ரெண்டு வரி போடுங்க. குதிரை போயிடும், வீரன் வந்துடுவான், உங்க வேலையும் தப்பிச்சுது. எழுதுங்க."

பூதக்கண்ணாடி பேனாவை எடுத்தார். காகிதத்தைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டார். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

"ரெண்டு வரிதானேங்க! அதுக்கா வேலையை விடுவீங்க?" என்றார் ஆசிரியர்.

"தப்புதான் சார், நான் கை வெச்சிருக்கக் கூடாது. ஆனா வீரன்கிட்ட வாள் இருந்துது. மந்திரவாதிகிட்டக் கோல் இருந்துது. குதிரைகிட்ட ஒண்ணுமே இல்ல சார். சண்டைக்கு வரேன்னு அது யாருகிட்டயும் சொல்லவும் இல்ல. மறுபடியும் அதை என் கையால கொல்லச் சொல்லாதீங்க."



எழுத்தாளர் அந்தப் பழைய பிரதியை இன்னொரு தடவை படித்தார். 'திரும்பிப் பார்க்காமல் நடந்தான்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, இந்த வாரப் பக்கத்தில் வீரன் எழுந்து உட்காருகிற வரிகளைத் தானே அடித்தார்.

"ஐயையோ!" என்றார் ஆசிரியர். "அடுத்த வாரத்துலேர்ந்து யாரு கதாநாயகன்?"

"குதிரைதான். இவர் பார்த்துத் திருத்தினா எழுதறேன். இல்லேன்னா தொடர் இதோட முடிஞ்சுது."

ஆசிரியர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பூதக்கண்ணாடி பையை இறக்கினார். கண்ணைத் துடைத்துக் கண்ணாடியை மாட்டினார். நோட்டில் புதுப் பக்கம் புரட்டினார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன்.

பேர்: குதிரை.

சக்தி: எதுவும் இல்லை.

நம்பலாமா: நம்பலாம்.