மூன்றாவது பெயர்

எண்கணிதம் பார்த்துப் பெயர் வைத்த இரண்டு குழந்தைகளும் பெயர் வைத்த மாதமே மண்ணுக்குள் போய்விட்டன. மூன்றாவதைக் குப்பைமேட்டில் கிடத்திக் 'குப்பம்மா' என்று கூப்பிட்டால், எமன் அருவருத்து விட்டுவிடுவான் என்றாள் பவித்ரா.

"எங்கப்பாவ ஊரே 'டேய் குப்பா'ன்னுதான் ஏவுச்சு. அந்தப் பேர உதறத்தான் அவர் ஊரையே விட்டு வந்தாரு," என்றான் கதிரேசன். "பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்கடி."

"பள்ளிக்கூடம் வரைக்கும் வரட்டும்ங்க."

அவன் குழந்தையை முறத்தில் கிடத்தித் தூக்கிக்கொண்டான்.

அடுக்குமாடியில் குப்பைமேட்டுக்கு எங்கே போவது? கீழே இரண்டு தொட்டிகள்தான் இருந்தன. குழந்தையை முறத்தோடு பச்சைத் தொட்டியருகே வைக்கக் குனிந்தான்.

"ஐயோ, அங்க வேணாங்க!"

தொட்டியில் எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தான்: மக்கும் குப்பை.

ஆளுக்கொரு பக்கம் முறத்தைப் பிடித்து, 'மக்காத குப்பை' என்றிருந்த நீலத் தொட்டியை நோக்கி மெதுவாக நடந்தார்கள்.