சுவர் எந்தப் பக்கம் நகருது?

சிவப்பு லேசர் ஒளி பட்டதும் பழைய சத்திரத்துச் சுவர் பொடிப்பொடியாக மினுமினுத்தது. நடுவில் ஓடிய விரிசலையே மேலாளர் கைலாசம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குற்றாலத்தில் சாரல் விடாமல் அடித்த 1987-ம் வருஷத்து ஆடி மாதம். விரிசலுக்குப் பயந்து, தங்கியிருந்த பதினோரு குடும்பங்களையும் அன்று காலைதான் எதிரே இருந்த புதுக் கட்டடத்தின் மாடிக்கு மாற்றியிருந்தார்.

அந்தப் புதுக் கட்டடத்தின் இருண்ட கீழ்த்தளத்தில், தரையோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்பு மேசைமேல், சன்னல் வழியே பழைய சுவரைப் பார்த்தபடி லேசரும் கேமராவும் இருந்தன. அவற்றைக் கொண்டுவந்தவள் குழல்வாய்மொழி. தென்காசிக்காரி, கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர்.

"முதல் படத்தையும் இப்போ எடுத்ததையும் ஒப்பிட்டிருக்கேன். பாருங்க அண்ணாச்சி."

டி.வி. திரையில் கறுப்புக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. சுவரில் தொடங்கி, அதை ஒட்டி நின்ற மலைப்பாறை மேலும் அவை நீண்டிருந்தன.

"கோடு விழுந்தா நகருதுன்னு அர்த்தமாம்மா?"

"ஆமா. மயிரிழைல பத்துல ஒரு பங்குதான். ஆனா நிக்கல. அரை மணிக்கு முன்னால நாலு கோடு, இப்போ ஒன்பது."

"நம்ம பக்கமா சாயுதா?"

"அதைக் கோடு சொல்லாது. எவ்வளவுன்னுதான் சொல்லும். எந்தப் பக்கம்னு தெரியணும்னா ஒளியலை ஏறுதா இறங்குதாங்கிற கட்டத்தைக் கணக்குப் போட்டு எடுக்கணும்."

மாடிப்படியில் கைக்குழந்தையோடு பேராச்சி நின்றாள். "அண்ணாச்சி, பால்புட்டி பழைய ரூம்லயே கெடக்கு. ஒரு எட்டு போய் எடுத்துட்டு வந்திரட்டா?"

"அங்கன காலு வைக்காத. மேலயே இரு, அதான் பத்திரம்."

குழல்வாய்மொழி கருவியின் கண்ணாடியைத் துளித்துளியாக நகர்த்தி நான்கு படங்கள் எடுத்தாள். கம்ப்யூட்டர் புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டது. அந்தப் பத்து நிமிஷமும் கைலாசம் சுவரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

எண்கள் வந்தன. அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"என்னம்மா, சொல்லு."

"சுவர் நம்மளை விட்டு விலகுத மாதிரி காட்டுது. பாறையும் அதே பக்கம், அதே அளவு விலகுது."

"மலைப்பாறை எப்படிம்மா நகரும்?"

"நகராது அண்ணாச்சி. அந்தச் சுவரும் நகரல."

தலைக்கு மேலே பிள்ளைகள் ஓடி விளையாடும் சத்தம் கேட்டது. அவள் மேசையை முடுக்கியிருந்த தரையைக் குனிந்து பார்த்தாள்; பிறகு கூரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல இருக்கவங்க எல்லாரையும் உடனே இறக்குங்க."

"இந்த மழையில எங்கன கூட்டிட்டுப் போக?"

"பழைய கட்டடத்துக்கு."