வேதியியல் புத்தகமும் ஸ்கேனரும்

பல்கலைக்கழக நூலகத்தின் சிறிய அறையில் ஒரு ஸ்கேனரும் ஒரு கணினியும் இருந்தன. பார்வையற்ற மாணவர்களுக்காக ஸ்கேனர் பாடப்புத்தகங்களைப் படமெடுத்துக் கொடுக்கும். கணினி அவற்றை வாய்விட்டு வாசிக்கும்.

ஒருநாள் செண்பகவல்லி என்ற மாணவிக்காக அறுநூறு பக்க வேதியியல் புத்தகம் வந்தது. தேர்வுக்குப் பத்தே நாள். பக்கத்துக்குப் பக்கம் படங்கள் வேறு. அவற்றை எப்படி வாசிப்பதென்று கணினிக்குத் தெரியவில்லை.

“என்னால முடியலப்பா. இந்த வேலைய உலகத்துலயே நாம மட்டும்தான் இழுத்துக்கிட்டிருக்கோம்,” என்று ஸ்கேனர் மூடியைச் சாத்திக்கொண்டது.

கணினி உதவி கேட்டு மற்ற கல்லூரிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது.

மறுநாள் காலையில் இரண்டு பதில்கள் வந்திருந்தன. மலையடிவாரக் கல்லூரி ஸ்கேனர், அதே புத்தகத்தில் தான் போன வருடமே முடித்த முந்நூறு பக்கங்களை அனுப்பியிருந்தது. கடலோரக் கல்லூரிக் கணினி, அதன் எல்லாப் படங்களுக்கும் ஏற்கெனவே சொற்களால் எழுதி வைத்திருந்த விவரிப்பை அனுப்பியிருந்தது. ‘நாங்க மட்டும்தான்னு நெனச்சிக்கிட்டிருந்தோம். கேட்டீங்களே, அதுவே சந்தோஷம்,’ என்று கீழே எழுதியிருந்தது.

ஸ்கேனர் அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டது. பிறகு மூடியைத் திறந்தது.

நான்காம் நாள் செண்பகவல்லி முழுப் புத்தகத்தையும் வாங்கிப் போனாள்.

“அவங்ககிட்ட ஏதாவது புத்தகம் முடியாம கிடக்குதான்னு கேளேன்,” என்றது ஸ்கேனர்.